கினுயோ அண்ணி வாள் பார்த்த நாள்

ரோகுரோ அண்ணனிடம் பதினொரு குறுவாள்கள் இருந்தன. நீள வாள் ஒன்றுகூடக் கிடையாது. கத்தரிக்கோல் தொழிற்சாலையில் சாணைப் பிரிவு மேஸ்திரியாக இருந்தவருக்கு நீள வாளெல்லாம் கட்டுப்படியாகாது என்று ஊரில் சொல்வார்கள். அவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். அந்தக் காலத்துச் சாமுராய் அடுத்தவன் வீட்டுக்குள் போகும்போது நீள வாளை வாசலிலேயே கொடுத்துவிடுவான், குறுவாள் மட்டும் இடுப்பிலேயே இருக்கும், தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்கும், அதை அடிக்கிற கொல்லனுக்கும் அது தெரியும் என்பார்.

எங்கள் செகி ஊரில் வாள் அடித்த கொல்லர்களில் பெரும்பாலோர் பெயர் 'கனே' என்றுதான் தொடங்கும். வெளியூர்க்காரனுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். ரோகுரோ அண்ணனுக்கோ, செத்து நானூறு ஐந்நூறு வருஷமான அந்த ஆட்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. இவன் அவசரக்காரன், இவன் இரும்பில் மிச்சம் பிடிக்கிற கஞ்சன், இவன் மாமனார் பெயரைத் தன் வாளில் வெட்டிக்கொண்டவன் என்று வம்பு பேசுவார்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் கூடுவோம். நான் ஹத்தா, விலாங்கு மீன் கடை வைத்திருக்கிறேன். அப்போது கூட்டத்தில் நான்தான் வயதில் இளையவன், அறுபத்திரண்டு. வாளைச் செய்தவன் பெயர் பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதியில்தான் வெட்டியிருக்கும். பிடியைக் கழற்றாமல், அலகை மட்டும் பார்த்து இன்னார் செய்தது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அண்ணன் "அடிச்சிட்டே" என்பார். தப்பென்றால் "தூரம்" என்பார். நான் சொல்லும்போதெல்லாம் "ரொம்ப தூரம், கப்பல்ல போகணும்" என்பார்.

கினுயோ அண்ணி டீயும் உப்பில் ஊறிய பிளம் பழமும் வைத்துவிட்டு காகிதக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அப்போதெல்லாம் வாளைத் தொட்டதே கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அண்ணன் வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் வெட்டுப்பட்டு பாயில் ரத்தம் சொட்டியது. அண்ணி அலறிய பிறகுதான் அண்ணனே கையைப் பார்த்தாராம். "வெட்டுனதே அவருக்குத் தெரியலை தம்பி. வலிச்சிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

அண்ணனின் மறதி பெயர்களில்தான் ஆரம்பித்தது. ஒரு கூட்டத்தில் தன் கையிலிருந்த வாளைச் செய்தவன் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எங்களுக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அப்புறம் ஆட்கள்மேல் சந்தேகம் வந்தது. ஒரு சாயங்காலம் என் கடைக்கே வந்து, வாடிக்கையாளர்கள் எதிரில், "ஹத்தா, அந்தச் சின்ன வாளை நீ எடுத்தியா?" என்று கேட்டார். அது அவர் பெட்டகத்திலேயே இருந்தது. கூட்டம் நின்றுபோனது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, இது திரும்பாது, கூடத்தான் செய்யும் என்றார்கள்.

நகோயாவில் இருக்கும் மகள் மிஹோ போனில் அழுது சண்டை போட்டாள், முதலில் அந்த வாள்களை வீட்டைவிட்டு எடு என்று. அண்ணி கேட்கவில்லை. பெட்டகத்துக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். தினமும் மத்தியானம் ஒரே ஒரு வாளை உறையோடு வெளியே எடுத்து வைப்பார். அண்ணன் பழைய எண்ணெயைத் துடைத்து, அலகைத் துலக்கும் பொடி தட்டி, கிராம்பு எண்ணெய் தடவி உறையில் போடும்வரை எட்ட உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"அந்த நேரம் மட்டும்தான் அவர் அவரா இருக்கார் தம்பி. அதையும் பிடுங்கிட்டா, இந்த வீட்டுல நான் யாரோட இருக்கறது?" என்றார்.

இது நடந்தது ஜூன் மாதம். நான்கு நாளாக விடாத மழை. சாப்பிட்டதும் அண்ணன் தூங்கிவிட்டார். மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. தெருமுனை மருந்துக் கடைதானே, அவர் எழுவதற்குள் வந்துவிடலாம் என்று அண்ணி நீல மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடையில் கூட்டம். கொஞ்சம் நேரமாகிவிட்டது.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கிராம்பு வாசனை அடித்தது. மழைக்கோட்டைக் கழற்றவும் தோன்றாமல் நேரே உள்ளே போனார். முன்னறையில் பெட்டகத்தின் பூட்டு, தாழ்ப்பாளோடு பெயர்ந்து தொங்கியது. பக்கத்தில் ஒரு திருப்புளி கிடந்தது. பெட்டகத்தின் கீழ்த்தட்டு திறந்திருந்தது. பாயில் ஒரு வெள்ளை மர உறை மட்டும் காலியாகக் கிடந்தது.

"அங்கேயே நில்லு."

குரல் பின்னாலிருந்து வந்தது. அண்ணி திரும்பினார். வாசலுக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். இரண்டு கையாலும் குறுவாளைப் பிடித்திருந்தார். உள்பனியன், பைஜாமா, வெறுங்கால். வயது எழுபத்தெட்டு. ஆனால் நாற்பது வருஷம் சாணை பிடித்த தோள் அது.

"என்னங்க, நான்தாங்க. கினுயோ."

"கினுயோ கடைக்குப் போயிருக்கா." அவர் குரலும் நடுங்கியது. "அவ வர்றதுக்குள்ள எடுத்துட்டு ஓடிடலாம்னு பார்த்தியா?"

"இல்லைங்க, மாத்திரை வாங்கத்தான் போனேன். இதோ பாருங்க."

பையைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் பையைப் பார்க்கவில்லை. மழைக்கோட்டைப் பார்த்தார். கழுத்திலிருந்து கீழ் ஓரம் வரை மெதுவாகப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"அது அவ கோட்டு," என்றார். "அவளை என்ன பண்ணினே?"

அந்த நிமிஷம்தான் தனக்கு உயிர் போய்விட்டது என்று அண்ணி என்னிடம் சொன்னார். அதுவரை புத்தி தடுமாறின புருஷனிடம் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாராம். இப்போது எதிரில் நிற்பவர் தன் பெண்டாட்டியைக் கொன்றவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். 'நான் கினுயோ' என்று எத்தனை தடவை சொன்னாலும் அத்தனை தடவையும் அது இன்னும் பெரிய பொய்யாகத்தான் அவருக்குக் கேட்கும்.

கத்தலாம் என்று நினைத்தார். கத்தினால் பக்கத்து வீட்டு மருமகள் ஓடிவருவாள். அவள் எப்போதும் கைக்குழந்தையை முதுகில் கட்டியிருப்பாள், அப்படியேதான் வருவாள். கதவைத் திறந்தால் முதலில் எதிர்ப்படுவது அண்ணன். அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டார். போலீஸ் வந்தாலும், கையில் வாளோடு நிற்பவரை என்ன செய்வார்கள்?

அடுக்களையில் போன் அடித்தது. அண்ணன் திடுக்கிட்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார். வாள்முனை அண்ணியின் மழைக்கோட்டுப் பொத்தானுக்கு நேரே வந்து நின்றது, நிற்க முடியாமல் ஆடியது. முனையில் ஒரு சொட்டு எண்ணெய் திரண்டிருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் போன் செய்தது நான்தான். விலாங்கு ஈரல் சூப் மிச்சமிருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்கக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை என்று வைத்துவிட்டேன்.

"கூட்டாளியா? எத்தனை பேர் வந்திருக்கீங்க?" என்றார் அண்ணன்.

யோசித்துச் செய்ததில்லை, முட்டி தானாக மடங்கிவிட்டது என்று அண்ணி பிற்பாடு சொன்னார். பாயில் மண்டி போட்டு விழுந்து, முகம் இடிக்காமலிருக்க இரண்டு கையையும் முன்னால் ஊன்றினார். நெற்றி கையில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு பிடரியில் விழப்போகும் வெட்டுக்காகக் காத்திருந்தார்.

ஒன்றும் விழவில்லை.

கொஞ்சம் பொறுத்து, பாயில் கால் தேயும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் இரண்டடி பின்னால் போயிருந்தார். வாளை நிமிர்த்திப் பிடித்திருந்தார், முனை கூரையைப் பார்த்திருந்தது. குழப்பத்தோடு அண்ணியின் கைகளையே பார்த்தார். முப்பது வருஷமாக அந்த அறையில், அந்த இடத்தில் அப்படிக் கை ஊன்றிக் குனிந்தவர்கள் எல்லாரும் வாள் பார்க்க வந்தவர்கள்தான். பார்ப்பதற்கு முன்னால் வாளுக்கு ஒரு வணக்கம், பார்த்த பின்னால் ஒரு வணக்கம். கதவுக்குப் பின்னாலிருந்தாலும் அண்ணிக்கு அது தெரியும்.

"வாள் பார்க்கலாம்னு வந்தேன் ஐயா," என்றார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லையாம்.

அண்ணன் வாளை இறக்கவில்லை.

"யார் சொல்லி வந்தீங்க?"

நீ என்றவர் நீங்க என்றதை அண்ணி கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டார்.

"விலாங்குக் கடை ஹத்தா சொன்னாருங்க."

"அவனா? அவனுக்கு வாளைப் பத்தி என்ன தெரியும்? முள்ளெடுக்கத் தெரியும்." அண்ணனின் தோள் இறங்கியது. "வந்ததுதான் வந்தீங்க, ஈரக் கோட்டோட உள்ள வரலாமா? கழட்டுங்க. அந்தப் பக்கம் வைங்க."

அண்ணி கழற்றினார். பொத்தான்கள் கைக்கு அகப்படவில்லை. அண்ணன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சிவப்புத் துணியை விரித்து, எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துடைக்கும் காகிதத்தை நீட்டி, "கையைத் துடைச்சுக்குங்க. ஈரம் ஆகாது" என்றார். துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளங்கை மறுபடி வியர்த்தது.

அண்ணன் வாளைச் செங்குத்தாக நிமிர்த்தி, பிடியின் மேல்பக்கத்தைப் பற்றி, கூரான பக்கத்தைத் தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நீட்டினார். கொடுக்கிறவர் பக்கம்தான் கூர் இருக்க வேண்டும். அந்த மரியாதையை நோய் இன்னும் தொடவில்லை.

அண்ணி கீழ்ப்பக்கத்தைப் பற்றினார். அண்ணன் விடவில்லை. இருவர் கையும் ஒரே பிடியில் இருந்தன. ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று புரியாமல் அண்ணி விழித்தார். மனசு மாறிவிட்டதோ என்று நினைத்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, கதவுக்கு அப்பாலிருந்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் காதில் விழுந்த வார்த்தை.

"வாங்கிக்கிட்டேன்," என்றார்.

அண்ணன் கையை எடுத்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணியின் கையில் உறையில்லாத வாள் இருந்தது. நினைத்ததைவிடக் கனமாக இருந்ததாம். எழுந்து ஓடலாம். கால் மரத்துப்போயிருந்தது. ஓடினாலும் பெட்டகத்தில் இன்னும் பத்து இருக்கின்றன. அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவள் பார்க்காமலிருந்தால் திருடியாகிவிடுவாள். அதனால் பார்த்தார். கூரோரமாக வெள்ளை மூடுபனி மாதிரி ஒன்று மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போனது. இதற்குள் போய் அவர் இத்தனை வருஷம் என்ன தேடினாரோ என்று அந்தப் பயத்திலும் ஒரு நினைப்பு வந்ததாம்.

"யாருதுன்னு சொல்லுங்க," என்றார் அண்ணன்.

"நம்ம செகிதான்," என்றார் அண்ணி. வேறு ஊர்ப் பெயர் எதுவும் வாயில் வரவில்லை. பிறகு, அடிக்கடி காதில் விழுந்த ஒரு பெயரைச் சொன்னார். "கனேஹிசாவா?"

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

"ஊர் சரி. ஆள் தப்பு. தம்பிக்காரன், கனேத்தோமி." முன்னால் சாய்ந்து, அலகைத் தொடாமல் காற்றிலேயே விரலால் காட்டினார். "முனைக்கு ஒரு சாண் கீழ பாருங்க. அந்த வெள்ளை அலை தொய்ஞ்சு போகுதில்ல? காய்ச்சின வாளைத் தண்ணியில முக்குற நேரம், அங்க பயந்துட்டான். விரிசல் விட்டா மூணு மாச வேலை போச்சே. அண்ணன்காரன் பயப்படவே மாட்டான். அவன் வாளைப் பார்த்தா பிரமாதமா இருக்கும். எனக்கு இவனைத்தான் பிடிக்கும்."

இரண்டு வருஷமாகச் சாப்பிட்டது மறந்த, மகள் பெயர் மறந்த மனுஷர் இதைத் தடங்கலில்லாமல் சொன்னார். அண்ணி தலையாட்டினார். கண்ணீர் அலகில் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாள்மேல் பேசக்கூடக் கூடாது, எச்சில் தெறிக்கும் என்று அண்ணன் எங்களைத் திட்டுவது அவருக்குத் தெரியும்.

அடுத்து வாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது என்றார். கொடுக்காமலிருக்க முடியாது. கொடுத்து, அவர் கை பிடியில் பட்டதும் மறுபடி அந்த முகம் வந்துவிட்டால்?

"உறையில போட்டே தரட்டுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் யோசித்தார். அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனாலும் புது ஆள்தானே என்று விட்டாரோ என்னவோ, உறையை எடுத்து நீட்டினார். அண்ணி முனையை உறை வாயில் வைக்க மூன்று தடவை தவறினார். நான்காவது தடவை உள்ளே இறங்கியது. கடைசியில் 'டக்' என்று கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

"உங்க வீட்டம்மா எங்க இருக்காங்கன்னு போன் பண்ணிக் கேட்கட்டுங்களா?"

"கேளுங்க. மழையில மாட்டிக்கிட்டிருப்பா. நேரங்காலம் தெரியாது அவளுக்கு."

அடுக்களைக்குப் போய் என்னைக் கூப்பிட்டார். கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "தம்பி, உடனே வாங்க. ஓடி வராதீங்க. கூட்டத்துக்கு வர்ற மாதிரி வாங்க. நல்ல சட்டை போட்டு வாங்க."

கனலில் கிடந்த மீனைக் கடைப் பையனிடம்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். முன்னறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் மடியில் வாள், உறையோடு.

"வா விலாங்கு. உன் விருந்தாளி உன்னைவிடத் தேவலை. ஊரையாவது சரியாச் சொன்னாங்க."

மண்டி போட்டு வணங்கினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் நினைவில்லை. ஜன்னலில் மழை அடிப்பதைப் பார்த்ததும் அதுவே வாயில் வந்தது. "அண்ணே, இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி. உங்க பெட்டகமும் உடைஞ்சு கிடக்கு. துரு ஏறிடும். என் வீட்டு மாடி காய்ஞ்சு கிடக்கு, மழை முடியற வரைக்கும் அங்க இருக்கட்டுமே."

உடைந்த பூட்டைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். "துரு ஏறக் கூடாது," என்றார் கடைசியில். "ஜாக்கிரதையா கொண்டு போ."

பெட்டகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றையும் இரண்டு கையால் நீட்டி, நான் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லும்வரை விடாமல் பிடித்திருந்தார். முதல் நாலைந்துக்குச் செய்தவன் பெயரையும் சொன்னார். அப்புறம் பெயர்கள் நின்றுபோயின. கடைசி வாள் வரும்போது களைத்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதே மறந்துவிட்டது போலிருந்தார். ஆனாலும் என் வார்த்தைக்காகக் காத்திருந்தார். "வாங்கிக்கிட்டேன்" என்றேன்.

எல்லாவற்றையும் என் வண்டியில் மீன் பெட்டிக்கு அடியில் வைத்து மூடினேன். அண்ணி அடுக்களைக் கத்திகளையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு அண்ணி சாதம் வைத்தபோது, அண்ணன் தலையைத் தூக்கி, "எப்ப வந்தே?" என்று கேட்டாராம். "ஒரு அம்மா வந்திருந்தாங்க, வாள் பார்க்க. நல்ல மரியாதை தெரிஞ்சவங்க. கை மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு."

"பயந்திருப்பாங்க," என்றார் அண்ணி.

"எதுக்கு?" என்றார் அண்ணன்.

இலையுதிர் காலத்தில் அவரை ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். மிஹோ வந்து எல்லா ஏற்பாடும் செய்தாள். அண்ணி வாரம் மூன்று நாள் பஸ்ஸில் போய் வருகிறார். அண்ணனுக்கு அவர் சில நாள் பெண்டாட்டி, சில நாள் யாரோ. யாரோவாக இருக்கிற நாள்களில், அண்ணன் கையில் டீக் கோப்பைதான் இருக்கிறது என்று தெரிந்தும், அண்ணி கதவுப் பக்கம் நாற்காலியைப் போட்டுத்தான் உட்காருவாராம். நீலக் கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

வாள்களை அண்ணியும் மிஹோவும் ஒரு நல்ல வியாபாரி மூலம் விற்றார்கள். கனேத்தோமியை மட்டும் என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். போன மாதம் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி கதவோரம் வந்து நின்றாள். வழக்கமாக அந்த அறைப் பக்கமே வரமாட்டாள்.

"நேத்து அடுப்பை அணைக்காம வந்துட்டீங்க," என்றாள். "போன வாரம் கடைப் பையனை அவன் அப்பன் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. அதை யாருக்காவது கொடுத்துடுங்களேன்."

சிரித்துக்கொண்டே சொல்ல முயன்றாள். முகம் ஒத்துழைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அதை எடுத்துக்கொண்டு போய், இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கும் எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஓர் ஆசிரியரிடம் கொடுத்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கூரான பக்கத்தை என் பக்கம் வைத்து நீட்டினேன். அவர் "வாங்கிக்கிட்டேன்" என்று சொல்லியும் என் விரல்கள் உடனே திறக்கவில்லை.